மக்ரோனி சீஸ்: அடுப்படியில் நின்றது யார்?



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "மேலே பொன்னிறமாக முறுகி இருக்கிறதே, அது என்ன சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒருவர் பிரட் அல்வா என்றார். இன்னொருவர் பால்கோவா என்றார். இரண்டும் இல்லை. அது மக்ரோனி சீஸ். உள்ளே சிங்கி இறாலும் சாதா இறாலும் போட்டு, ஓவனில் வைத்து நானே சுட்டெடுத்தது. ஆமாம், நானேதான். டீச்சரம்மா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்களே தவிர, கரண்டியைத் தொடவில்லை.

செய்முறையை மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதைச் செய்யும்போது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. முப்பது வருடங்களுக்கு மேல் வரலாறு நடத்தியவன் வெட்கப்பட வேண்டிய கேள்வி அது. அதனால் இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் இருக்கிறது.

இப்போது நாங்கள் பாஸ்டன் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறோம். நவம்பர் மாதம் இங்கே தேங்க்ஸ்கிவிங் என்று ஒரு பண்டிகை. நம் ஊர்ப் பொங்கல் மாதிரி, குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். எதிர்வீட்டு அம்மாவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவது என்று முடிவாயிற்று. அந்த அம்மா ஆப்பிரிக்க அமெரிக்கர். வயது எழுபதுக்கு மேல். பூர்வீகம் வர்ஜீனியா மாநிலம். அவர்கள் வீட்டில் மக்ரோனி சீஸ் இல்லாமல் பண்டிகை இல்லையாம். "அதை நான் செய்கிறேன்" என்று நான் வாய் விட்டுவிட்டேன். மாப்பிள்ளை உற்சாகமாகி, மீன் கடைக்குப் போய் இரண்டு சிங்கி இறாலை உயிரோடு வாங்கி வந்துவிட்டார்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊர் சிங்கி இறால் நம்முடையது மாதிரி இல்லை. நம் கடலில் கிடைப்பதற்கு நீளமான மீசைதான் உண்டு. இதற்கு முன்னால் நண்டு போல இரண்டு பெரிய கொடுக்குகள். கடைக்காரர் அவற்றுக்கு ரப்பர் வளையம் மாட்டித்தான் தருகிறார்.

பண்டிகைக்கு முதல் நாள் அந்த அம்மா எனக்கு மேற்பார்வையாளராக வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். நான் வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டுக் கிளறிக்கொண்டே, வகுப்பு எடுக்கும் பழைய பழக்கத்தில் ஆரம்பித்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா? இந்த மக்ரோனி சீஸை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். உங்கள் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், மூன்றாவது ஜனாதிபதி."

அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. நிதானமாகக் கேட்டார்கள்: "அப்படியா சார்? ஜெஃபர்சன் அடுப்படியில் நின்றாரா?"

என் கை நின்றுவிட்டது. மாவு லேசாகக் கருகவும் ஆரம்பித்தது. "முதலில் கிண்டுங்கள், அப்புறம் யோசிக்கலாம்" என்றார்கள்.

அன்று ராத்திரி தூங்காமல் படித்தேன். அடுத்த சில வாரங்கள் மகள் பெயரில் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஜெஃபர்சன் இதைக் கண்டுபிடிக்கவும் இல்லை, அவர்தான் முதலில் கொண்டுவந்தார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மாவுப் பண்டத்தையும் சீஸையும் சேர்ப்பது மிகப் பழைய யோசனை. 1300-ஐ ஒட்டிய காலத்தில் தொகுக்கப்பட்ட 'லிபெர் தே கொக்வினா' என்ற லத்தீன் சமையல் நூலில், மாவைத் தட்டிச் சதுரமாக வெட்டி, வேகவைத்து, சீஸோடு அடுக்கும் முறை இருக்கிறது. 1390 வாக்கில் இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்ற சுவடியில் 'மக்ரோன்ஸ்' என்றே ஒரு பண்டம் வருகிறது. மெல்லிய மாவுத் துண்டுகள், வெண்ணெய், சீஸ், அவ்வளவுதான்.

இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? நம் தூத்துக்குடி மக்ரூன்! முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்துக் கூம்பு கூம்பாகச் சுடுகிறார்களே, அதேதான். மக்ரூன், மக்ரோனி இரண்டும் ஒரே இத்தாலியச் சொல்லிலிருந்து பிரிந்தவை. ஒன்று பாதாம் இனிப்பாக மாறி பிரான்ஸ் வழியாகக் கிளம்பி, கடைசியில் நம் ஊரில் முந்திரியைப் பிடித்துக்கொண்டது. இன்னொன்று இத்தாலியிலேயே குழாய் வடிவத்தில் நிலைத்தது. பேக்கரியில் நின்று மக்ரூன் வாங்கித் தின்ற காலத்தில் இது எனக்குத் தெரியாது.

1769-ல் எலிசபெத் ராஃபல்ட் என்ற ஆங்கிலேய அம்மையார் எழுதிய சமையல் நூலில், மக்ரோனியை வேகவைத்து, கிரீமும் மாவில் உருட்டிய வெண்ணெயும் சேர்த்து, மேலே பார்மசான் சீஸைத் தூவிச் சிவக்க வைக்கும் குறிப்பு இருக்கிறது. இன்று நாம் செய்வதற்கு மிக நெருக்கமான குறிப்பு அது. அப்போது ஜெஃபர்சன் பாரிஸையே பார்த்ததில்லை.

அப்படியானால் அவர் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? இங்கேதான் உண்மையான கதை ஆரம்பிக்கிறது.

1784-ல் ஜெஃபர்சன் அமெரிக்கத் தூதராகப் பாரிஸுக்குப் போனார். தன்னுடன் 19 வயது இளைஞர் ஒருவரை அழைத்துப் போனார். பெயர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். ஜெஃபர்சனின் அடிமை. இன்னொரு உறவும் உண்டு. ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்கும் ஜேம்ஸுக்கும் தந்தை ஒருவரே, ஜான் வேல்ஸ். மார்த்தா சட்டப்படி பிறந்த மகள். ஜேம்ஸ், அதே வீட்டில் அடிமையாக இருந்த எலிசபெத் ஹெமிங்ஸுக்குப் பிறந்த மகன். நம் முறைப்படி சொன்னால், ஜெஃபர்சன் தன் மைத்துனரையே அடிமையாக வைத்திருந்தார்.

அழைத்துப் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொள்ள வேண்டும். ஜேம்ஸ் கற்றுக்கொண்டார். பாரிஸில் பெரிய சமையல்காரர்களிடமும், கோந்தே இளவரசரின் சமையற்காரரிடமும் பயின்றார். தன் சம்பளப் பணத்தில் வாத்தியார் வைத்து பிரெஞ்சு இலக்கணம் படித்தார். பிறகு ஜெஃபர்சனின் தூதரக மாளிகையில் தலைமைச் சமையல்காரரானார். அந்த மேசையில் சாப்பிட்டவர்கள் ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள்.

அந்தச் சமையலின் நுணுக்கத்தை, கரண்டி பிடித்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். வெண்ணெயும் மாவும் சேர்த்து வறுத்து, பாலை ஊற்றிக் கட்டி இல்லாமல் காய்ச்சும் சாஸுக்கு பெஷமெல் என்று பெயர். இதற்குச் சீரான சிறு தீ வேண்டும். தீ கூடினால் அடி பிடிக்கும், குறைந்தால் மாவு வாடை போகாது. விறகு கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் இது முடியாத காரியம். பிரான்சில் இதற்கென்றே செங்கல்லால் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, அதில் குழி குழியாகக் கரித்தணல் போட்டு, ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகச் சூட்டைக் கட்டுப்படுத்தும் அடுப்பு வைத்திருந்தார்கள். அதில் சமைக்கத் தெரிந்தவர் அன்றைய அமெரிக்காவில் மிக அரிது. ஜேம்ஸ் ஹெமிங்ஸுக்குத் தெரியும். ஜெஃபர்சனின் மலைமேல் மாளிகையான மான்டிசெல்லோவில் அவர் சமைத்த அந்த அடுப்புகளின் அடித்தளத்தைச் சில வருடங்களுக்கு முன் அகழாய்வில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கீழடியைப் பற்றிக் கேட்டால் உங்களுக்கு வரும் அதே சிலிர்ப்பு எனக்கு அதைப் படித்தபோது வந்தது.

ஜெஃபர்சன் தன் பங்குக்கு என்ன செய்தார்? மக்ரோனி அச்சு இயந்திரத்தின் படத்தை வரைந்து குறிப்பு எழுதினார். நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து ஓர் இயந்திரம் வாங்கி அனுப்பச் சொன்னார். ஆறு முட்டை, இரண்டு பவுண்டு மாவு, கொஞ்சம் பால் என்று மாவு பிசையும் குறிப்பையும் கைப்பட எழுதினார். இந்தக் காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. அதனால்தான் பெயர் அவருக்குப் போயிற்று. எழுதியவரின் காகிதம் மிஞ்சுகிறது. பிசைந்தவரின் மாவு அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

பிரெஞ்சுப் புரட்சியை நான் எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! "1789 ஜூலை 14, பாஸ்டில் சிறை" என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று ஜெஃபர்சன் பாரிஸில் இருந்தார். அவர் வீட்டு அடுப்படியில் 24 வயது ஜேம்ஸும் இருந்தார். சமத்துவம் என்று வெளியே கூட்டம் முழங்குகிறது. உள்ளே ஓர் அடிமை சமைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் பாரிஸில் அடிமைகள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு விடுதலை பெற வழி இருந்தது. ஜேம்ஸும் அவர் தங்கை சாலியும் போடவில்லை. தாயும் உடன்பிறந்தவர்களும் வர்ஜீனியாவில் இருந்தார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டே அவர்கள் ஜெஃபர்சனோடு ஊர் திரும்பினார்கள்.

1793-ல் ஜெஃபர்சன் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். ஜேம்ஸுக்குச் சமையல் கற்றுத்தரத் தனக்குப் பெரும் செலவாகிவிட்டது. ஆகவே அவர் இன்னொருவருக்கு அந்தக் கலையைக் கற்றுத்தந்தால் விடுதலை தருகிறேன் என்பது அதன் சாரம். மாணவர்களே, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று உலகுக்கு எழுதிய அதே கை எழுதிய தாள் இது. ஜேம்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். 1796 பிப்ரவரி 5-ஆம் தேதி விடுதலை கிடைத்தது. தம்பி அதே அடுப்படியில் அடிமையாக நின்றார்.

விடுதலை வாங்கிய கையோடு ஜேம்ஸ் கிளம்பிப் போய்விடவில்லை. பிப்ரவரி 20-ஆம் தேதி, அந்தச் சமையலறையில் இருந்த பாத்திரங்களை எல்லாம் எண்ணி ஒரு பட்டியல் எழுதினார். செம்புச் சட்டிகள், மூடிகள், அச்சுகள், கரண்டிகள். பொறுப்பை ஒப்படைக்கும் நல்ல ஊழியர் செய்கிற வேலை. அந்தத் தாள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். நேர்த்தியான கையெழுத்து. என் மாணவராக இருந்திருந்தால் கையெழுத்துக்கே தனி மதிப்பெண் போட்டிருப்பேன்.

1801-ல் ஜெஃபர்சன் ஜனாதிபதியானார். தலைநகர மாளிகைக்குத் தலைமைச் சமையல்காரராக ஜேம்ஸ் வர வேண்டும் என்று விரும்பினார். ஜேம்ஸ் அப்போது பால்டிமோர் நகரத்தில் சமையல் வேலையில் இருந்தார். ஜெஃபர்சன் அவருக்கு நேராக எழுதாமல், தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பினார். ஜேம்ஸ் அனுப்பிய பதில் என் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்குச் சமைக்க எனக்கு விருப்பம்தான், ஆனால் என்ன நிபந்தனை, என்ன சம்பளம் என்று உங்கள் கைப்பட எனக்கு நாலு வரி எழுதுங்கள் என்றார்.

ஒரு கடிதம். தன் பெயருக்கு, தன்னை ஒரு மனிதராக மதித்து, ஒரு கடிதம். அவ்வளவுதான் கேட்டார்.

ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவர் ஜெஃபர்சன். அந்த ஒரு கடிதத்தை எழுதவில்லை. ஒரு பிரெஞ்சுக்காரரை வேலைக்கு வைத்துக்கொண்டார். அந்தக் கோடையில் ஜேம்ஸ் மான்டிசெல்லோவுக்கு வந்து சில வாரம் சம்பளத்துக்குச் சமைத்துவிட்டு, மறுபடி பால்டிமோர் போனார். அந்த ஆண்டின் இறுதிக்குள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 36.

அவர் இறந்து சில மாதம் கழித்து, 1802 பிப்ரவரி 6 அன்று, ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனிப் பண்டம் ஒன்று பரிமாறப்பட்டது. விருந்தினர்களில் ஒருவரான மனாசே கட்லர் அதைப் பற்றித் தன் குறிப்பில் எழுதினார். உள்ளே இருந்த குழாய்களை வெங்காயத் தாள் என்று நினைத்தாராம். சுவையும் பிடிக்கவில்லையாம். ஜெஃபர்சன்தான் மக்ரோனியைக் கொண்டுவந்தார் என்பவர்கள் காட்டும் முக்கியச் சான்று இந்தக் குறிப்புதான். அதில் சமைத்தவர் பெயர் இல்லை.

ஜேம்ஸோடு இது முடியவில்லை. அதே ஆண்டில் ஜெஃபர்சன் தன் தோட்டத்திலிருந்து ஈடித் என்ற பதின்ம வயது அடிமைப் பெண்ணை மாளிகைக்குக் கொண்டுவந்து, அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் சமையல் பழக வைத்தார். பின்னால் அவர் மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரர் ஆனார். 1824-ல் அங்கே சாப்பிட்ட டேனியல் வெப்ஸ்டர் என்ற பிரபல அரசியல்வாதி, பாதி வர்ஜீனியப் பாணி, பாதி பிரெஞ்சுப் பாணி என்று அந்தச் சாப்பாட்டைப் புகழ்ந்தார். ஜெஃபர்சன் 1826-ல் இறந்தார். கடன் மலைபோல் இருந்தது. 1827 ஜனவரியில் நடந்த ஏலத்தில் மற்ற அடிமைகளோடு ஈடித் ஃபாசெட்டும் அவர் பிள்ளைகளும் விற்பனைக்கு வைக்கப்பட்டார்கள். கணவர் ஜோசப் கொல்லர். அவருக்கு மட்டும் உயிலில் விடுதலை இருந்தது. அந்த மனிதர் பட்டறையில் உழைத்துச் சம்பாதித்து மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் மீட்டார். குடும்பம் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குப் போயிற்று. அம்மாவின் கைப்பக்குவம் பிள்ளைகளுக்கு வந்தது. ஈடித்தின் மகன்கள் அந்த நகரத்தில் பேர்போன விருந்துச் சமையல் தொழில் நடத்தினார்கள்.

அதே 1824-ல் மேரி ராண்டால்ஃப் என்ற வர்ஜீனியச் சீமாட்டி ஒரு சமையல் நூல் வெளியிட்டார். ஜெஃபர்சனின் மருமகனுக்கு அக்கா இவர். மக்ரோனி, சீஸ், வெண்ணெய் என்று அடுக்கடுக்காகப் போட்டுச் சுடும் குறிப்பு அதில் இருக்கிறது. நூலில் அவர் பெயர் இருக்கிறது. அந்தக் கால வர்ஜீனியாவில் அத்தகைய வீடுகளில் அடுப்பு ஊதியவர்கள் யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கைகள் வழியாகத்தான் இந்தப் பண்டம் கறுப்பினக் குடும்பங்களின் பண்டிகைச் சாப்பாடாயிற்று. ஏட்ரியன் மில்லர் என்பவர் கறுப்பின அமெரிக்கர்களின் உணவு வரலாற்றைப் பற்றி 2013-ல் வெளியிட்ட நூலில் மக்ரோனி சீஸுக்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். பிறகு 1937-ல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், கிராஃப்ட் நிறுவனம் நான்கு பேர் சாப்பிடும் அளவுக்கு மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் போட்டு 19 சென்ட்டுக்கு விற்றது. அரண்மனையில் பிறந்த பண்டம் ஏழை வீட்டு அடுப்புக்கும் வந்து சேர்ந்தது.

சிங்கி இறால் வந்த வழி இதற்கு நேர் எதிர். இந்த மாசசூசெட்ஸ் கடற்கரையில் குடியேறிய ஆங்கிலேயர்கள், 1623-ல் புதிதாகக் கப்பலில் வந்தவர்களுக்குக் கொடுக்க ரொட்டி கூட இல்லையே, சிங்கி இறாலும் மீனும் ஊற்றுத் தண்ணீரும்தானே இருக்கிறது என்று குறைப்பட்டதை அவர்களின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதியிருக்கிறார். வறுமைக்கு அடையாளம் சிங்கி இறால்! வாரத்துக்கு இத்தனை நாளுக்கு மேல் சிங்கி இறால் போடக் கூடாது என்று வேலைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. மாப்பிள்ளை கூட அதைச் சொன்னார். அப்படி ஓர் ஒப்பந்தத் தாள் இதுவரை கிடைத்ததில்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எதையும் வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெஃபர்சன் விஷயத்தில் நானே வழுக்கி விழுந்தேனே.

பிறகு ரயிலும் பனிக்கட்டியும் நகரத்து உணவகங்களும் வந்தன. சிங்கி இறால் பணக்காரர் தட்டுக்கு ஏறிவிட்டது. தாமஸ் கெல்லர் என்ற கலிபோர்னியச் சமையல் நிபுணர் 1999-ல் வெளியிட்ட தன் உணவகத்துச் சமையல் நூலில், வெண்ணெயில் வேகவைத்த சிங்கி இறாலை அரிசி வடிவப் பாஸ்தாவோடும் மஸ்கார்போன் சீஸோடும் சேர்த்து, விளையாட்டாக 'மக்ரோனி அண்ட் சீஸ்' என்றே பெயர் வைத்தார். இன்று இந்தக் கடற்கரை உணவகங்களில் சிங்கி இறால் மக்ரோனி சீஸ் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஏழையான பணக்காரப் பண்டமும் பணக்காரனான ஏழைப் பண்டமும் ஒரே தட்டில்.

சரி, செய்முறை. கேட்டவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு அளவு.

மக்ரோனி 450 கிராம். உப்புத் தண்ணீரில், உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மீதி ஓவனில் வெந்துகொள்ளும். சிங்கி இறாலை ஆவியில் அரைவேக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே வேகவைத்து, சதையைப் பிரித்துத் துண்டு போடுங்கள். முழுதாக வேகவைத்தால் ஓவனில் ரப்பராகிவிடும். இறாலை வெண்ணெயில் ஒரு நிமிடம் பிரட்டினால் போதும். ஓட்டை எறிந்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் பாலில் போட்டு இருபது நிமிடம் சிறு தீயில் வைத்து வடிகட்டுங்கள். கடல் வாசம் முழுவதும் பாலுக்கு வந்துவிடும். நம் வீடுகளில் இறால் தலையைப் போட்டுக் குழம்புக்கு ருசி ஏற்றுவோமே, அதே வித்தைதான்.

வெண்ணெய் 60 கிராம், மைதா நான்கு மேசைக்கரண்டி. நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, சூடான அந்தப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் துருவிய செடார் சீஸ் 350 கிராமைப் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் சீஸ் திரிந்து மணல் மணலாகிவிடும். துருவியே விற்கும் சீஸ் வேண்டாம். ஒட்டாமல் இருக்க அதில் மாவு தூவியிருப்பார்கள். சரியாக உருகாது. மிளகுத் தூள், கொஞ்சம் கடுகுத் தூள். எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மேலே இன்னும் கொஞ்சம் சீஸும் ரொட்டித் தூளும் தூவி, 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் 25 நிமிடம். ஓரத்தில் கொதித்து மேலே சிவந்ததும் எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.

எதிர்வீட்டு அம்மாவின் முறை வேறு. அவர்கள் மாவு வறுப்பதில்லை. முட்டையையும் டின் பாலையும் அடித்து மக்ரோனியின் மேல் ஊற்றிச் சுடுகிறார்கள். கத்தியால் துண்டு போடலாம், அப்படி நிற்கிறது. அவர்கள் அம்மா, பாட்டி எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். பண்டிகையன்று இரண்டு தட்டும் மேசையில் இருந்தன. என்னுடையதை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது சார். ஆனால் இறாலை எடுத்துவிட்டால்தான் மக்ரோனி ருசி தெரியும்" என்றார்கள். உண்மையைச் சொன்னால், அவர்கள் தட்டுதான் முதலில் காலியாயிற்று.

சாப்பிடும் முன் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தன் அம்மா பெயர், பாட்டி பெயர், பாட்டியின் அம்மா பெயர் மூன்றையும் சத்தமாகச் சொன்னார்கள். "இவர்கள்தான் எனக்கு இதைக் கற்றுத்தந்தவர்கள்" என்றார்கள். அதற்கு மேல் அந்தப் பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது. அடிமைகளாக இருந்தவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

அந்த நிமிடத்தில் எனக்கு நம் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது.

சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை முதல் தேதி தொடங்கியது, தொடங்கியவர் எம்.ஜி.ஆர். என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வியும் கேட்டேன். நீங்களும் எழுதி மதிப்பெண் வாங்கினீர்கள். ஆனால் நம் பள்ளியில் வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் புகை படிந்த அறையில், தினமும் உங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொங்கிப் போட்ட அம்மா பெயர் என்ன?

எனக்குத் தெரியாது. ஒரே வளாகத்தில் பத்தொன்பது வருடம். "ஆயா" என்றுதான் கூப்பிட்டேன். நான் சாப்பிடாமல் ஓடிவந்த நாட்களில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, ஒரு கிண்ணத்தில் சாம்பார் சாதம் எடுத்து வைப்பார்கள். என் பணி ஓய்வு விழாவுக்குக் கேசரி கிண்டியதும் அவர்கள்தான். மேடையில் தலைமையாசிரியர் முதல் இரவுக் காவலர் வரை பெயர் சொல்லி நன்றி சொன்னேன். கடைசியில், "நம் சத்துணவு ஆயாவுக்கும் நன்றி" என்றேன். அந்த அம்மா பின்வரிசையில் கரண்டியோடு நின்று கைதட்டினார்கள். ஆல்பத்தை மகள் இங்கே கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் என் கையெழுத்தில் பெயர்கள். அவர்கள் படத்துக்குக் கீழே "சமையல் ஆயா" என்று எழுதியிருக்கிறேன்.

ஜெஃபர்சனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அன்று ராத்திரி ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே வீட்டுப்பாடம். பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களில் குடியிருந்தவர்கள், அந்த அம்மாவின் பிள்ளைகளோடு படித்தவர்கள், யாராவது விசாரியுங்கள். முழுப் பெயர் வேண்டும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும். அவர்கள் சம்மதித்தால் தவிர இங்கே பொதுவில் போட வேண்டாம். எனக்குத் தனியாக எழுதுங்கள்.

தை மாதம் ஊர் திரும்புகிறோம். வந்ததும் நேரில் போய்ப் பார்ப்பேன். அதற்கு முன், இங்கிருந்தே அவர்கள் பெயருக்கு என் கைப்பட ஒரு கடிதம் எழுதப் போகிறேன். உறையின் மேல் எழுதப் பெயர்தான் இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்